படுதாவில் மேயும் மாடுகள்

டோல்கேட் மெட்ரோ ஸ்டேஷனை விட்டு இறங்கினால் திருவொற்றியூர் நெடுஞ்சாலை. அங்கிருந்து கிழக்கே கடலைப் பார்த்துப் போகும் சந்துகளில் ஒன்றில், ஓட்டைப் பிரித்துத் தளம் போட்ட பழைய வீடு. கூடத்தில் டிவிக்கு மேலே அந்தப் படம் மாட்டியிருந்தது. மூன்றடி அகலம், கறுத்துப்போன தங்க நிறச் சட்டம். பின்னால் மூன்று வெள்ளை உச்சிகள், அவற்றின் இடுப்பில் பைன் மரங்கள். முன்னால் பச்சைச் சரிவு, ஓர் ஓடை, கூரைமேல் கல் பரப்பிய மரவீடு, பழுப்பு மாடுகள் ஐந்து. வலது கீழ்மூலையில் மட்டும் உப்புக்காற்று வேலையைக் காட்டியிருந்தது. சட்டத்தை ஒட்டிப் படம் உப்பி, சாம்பல் பூத்திருந்தது.

பழைய அச்சுப் படங்கள்மேல் எனக்கிருக்கும் பைத்தியத்தை அறிந்த நண்பர்தான் அனுப்பிவைத்தார். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். "எங்க மாமனாரு ஹார்பர்ல வின்ச் ஓட்டினாரு தம்பி. இத்தாலிக் கப்பல் சமையக்காரன் குடுத்தான்னு சொல்லுவாரு. நூறு வருசத்துப் படமாம்" என்றார். விற்கிற எண்ணம் அவருக்கு இல்லை. காலேஜ் படிக்கும் பேரன்தான் இதே மாதிரிப் படம் ஒன்றுக்கு வெளிநாட்டு ஏலத்தில் போட்டிருந்த விலையைப் போனில் பார்த்துவிட்டுத் தூக்கமில்லாமல் இருந்தான்.

படத்தை இறக்கிக் கட்டிலில் கவிழ்த்தோம். துணியில் வரைந்த பழைய எண்ணெய் ஓவியமாக இருந்தால் பின்புறத்தில் நெசவு தெரியும். மரச்சட்டகத்தில் ஆணியடித்து இழுத்துக் கட்டியிருப்பார்கள், மூலைகளில் ஆப்பு செருகியிருக்கும். இதில் இருந்தது பழுப்பு அட்டை. திருப்பிப் போட்டுப் பத்து மடங்கு லென்ஸை வைத்தேன். தூரிகைத் தடம் மாட்டின் முதுகில் வளைந்தும் ஓடையில் நீண்டும் போக வேண்டும். இங்கே வானம், மலை, மாடு எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரித் துணிவரி ஓடியது. அது அச்சுக்குப்பின் அழுத்தி எழுப்பிய வரி. அடியில் நீலம், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு நிறப் புள்ளிகள், சின்னப் பூக்கள்போல ஒழுங்காக அடுக்கியிருந்தன. எண்ணெய் ஓவியம்போலத் தெரிய அச்சிட்ட, நூறாண்டுக்கு முந்தைய ஓலியோகிராஃபாக இருந்தாலும் கல்லச்சின் ஒழுங்கற்ற மணல் பரவல்தான் தெரிந்திருக்கும். இது ஆஃப்செட்.

"அச்சுதான்மா."

"அப்ப இத்தாலி கிடையாதா?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் நேரான பதில் இல்லை. யோசித்தால், அந்தச் சுவரில் இத்தாலி கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. முதலில் அந்த அம்மா படத்தைக் குறிக்கச் சொன்ன வார்த்தையிலேயே இருக்கிறது: சீனரி.

நாடக மேடையைக் குறிக்கும் இத்தாலியச் சொல் 'ஷேனா'. அதிலிருந்து வந்த 'ஷெனாரியோ' ஆங்கிலத்துக்குப் போய் 'சீனரி' ஆயிற்று. அங்கே முதலில் மேடையின் வரைந்த திரைகளுக்குத்தான் அந்தப் பெயர். கண்ணுக்கு இனிய நிலப்பரப்பு என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்து ஒட்டிக்கொண்டது. மலையைப் பார்த்தவர்களுக்கு மேடைத் திரை நினைவுக்கு வந்திருக்கிறது. அந்தக் கண்ணோடுதான் ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792இல் சென்னையிலிருந்து தெற்கே கிளம்பினார்கள். அவர்கள் 1795 முதல் 1808 வரை லண்டனில் வெளியிட்ட 144 அச்சோவியங்களின் தொகுப்புக்குப் பெயரே 'ஓரியண்டல் சீனரி'. பிறகு பார்சி நாடகக் குழுக்களின் வழியாக அந்தத் திரைகள் நம் ஊர்க் கொட்டகைகளுக்கு வந்தன. தர்பார் சீன், தெரு சீன், காட்டு சீன் என்று குழுவிடம் நாலைந்து படுதா இருக்கும், எந்த நாடகமானாலும் அவைதான் மாறி மாறி இறங்கும். சென்னைக்காரர்கள் ஒருவனைப் பார்த்து 'சீன் போடாதே' என்பதும் அந்தப் படுதாவின் வாரிசுதான்.

ஆக, சீனரி என்பது பிறப்பிலேயே ஒரு பின்னணி. அதன் முன்னால் ஆள் வந்து நிற்க வேண்டும். ஆள் இல்லாத படுதாவையே படமாக மாட்டிக்கொள்ளும் பழக்கம் பிந்தியது. அதில்தான் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

ஆல்ப்ஸ் மலைக்காரர்களுக்கு 'ஆல்ப்' என்றால் பனி உச்சி அல்ல. உச்சிக்குக் கீழே, மரங்கள் முடியும் இடத்துக்கு மேலே இருக்கும் கோடை மேய்ச்சல் நிலத்துக்கு அது பெயர். இத்தாலியப் பக்கத்தில் 'ஆல்பே' என்பார்கள். ஜூன் மாதத்தில் பனி விலகியதும் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேலே போவார்கள், செப்டம்பரில் இறங்குவார்கள். அந்த உயரத்திலிருந்து தினமும் பாலைக் கீழே கொண்டுவர முடியாது. கறந்த இடத்திலேயே செப்பு அண்டாவில் காய்ச்சி, உறையூற்றி, பாலாடைக் கட்டியாக்கி விடுவார்கள். அவோஸ்தா பள்ளத்தாக்கின் ஃபோன்தீனாவும் வால்தெல்லீனாவின் பித்தோவும் இப்படி வந்தவைதான். டோல்கேட் படத்தில் கூரைமேல் கல் பரப்பிய வீடு இருந்ததே, காற்றில் கூரைப்பலகை பறக்காமல் இருக்கத்தான் அந்தக் கல். நாம் அதை விடுமுறைக்குத் தங்கும் குடில் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஒரு தொழிற்சாலை. விடியலுக்கு முன் ஒரு ஷிப்டு, மாலையில் ஒரு ஷிப்டு, நடுவில் புகைமூட்டம். 1946இல் பலூன் செய்யும் கொட்டகையாக எம்.ஆர்.எஃப். தொடங்கிய ஊர் திருவொற்றியூர். 1955இலிருந்து என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் செய்த ஊரும் இதுதான். இங்கே உள்ளவர்களுக்கு ஷிப்டைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சுவரில் இருப்பதும் ஒரு ஷிப்டுதான் என்று படம் அவர்களுக்குச் சொல்லாமல் விட்டதுதான் குறை.

சொல்லிய ஓவியர் ஒருவர் இருந்தார். ஜோவான்னி செகன்தீனி 1858இல் ஆர்கோவில் பிறந்தார். அந்த ஊர் அப்போது ஆஸ்திரிய ஆட்சியில் இருந்தது. சிறுவயதிலேயே தாயை இழந்து, மிலான் தெருக்களில் திரிந்து, 1870இல் சீர்திருத்தப் பள்ளியில் அடைக்கப்பட்டவர். எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமலே வாழ்ந்து முடித்தவர். மிலானின் ஆலைப் புகையை விட்டு பிரியான்சா குன்றுகளுக்கும், 1886இல் சுவிட்சர்லாந்தின் சாவோஞினுக்கும், 1894இல் மலோயாவுக்கும் என்று படிப்படியாக மேலே ஏறிக்கொண்டே போனார். அவர் படங்களை விற்றுக்கொடுத்த குரூபிச்சி சகோதரர்கள் இருந்தது கீழே மிலானில்தான். மேய்ச்சல் நிலத்தை வரைகிறவர் மேலேயும் வாங்குகிறவர் புகைக்குள்ளும் இருப்பது அப்போதே வந்துவிட்ட ஏற்பாடு.

அவருடைய 'அல்லா ஸ்தாங்கா' 1886இல் முடிந்தது. ஏறக்குறைய நான்கு மீட்டர் அகலத் துணி. இன்று ரோமில், தேசிய நவீனக் கலைக்கூடத்தில் இருக்கிறது. 'கட்டுக்கழியில்' என்று தலைப்பைத் தமிழாக்கலாம். நீண்ட கழிவேலி ஒன்றில் மாடுகள் வரிசையாகக் கட்டியிருக்க, சாயும் வெயிலில் பால் கறக்கும் வேலை நடக்கிறது. மலைகள் பின்னால் தள்ளி, இளநீலமாக, தேவைக்குமேல் ஒரு அங்குலம்கூட இடம் கேட்காமல் நிற்கின்றன. கண்ணை இழுப்பது கழியின் கிடைக்கோடும், அதில் முட்டிநிற்கும் மாடுகளின் கனமும்தான். வேலை முடிந்தால் அவிழ்த்துவிடுவார்கள் என்ற பொறுமையோடு அவை நிற்கின்றன.

நான் இதை அச்சில்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் முல்லைத் திணைக்குத் தொல்காப்பியம் வகுத்த சிறுபொழுது மாலை என்பது நினைவுக்கு வராமல் இருந்ததில்லை. மேய்ச்சல் நிலத்துக்கு மாலையை ஏன் வைத்தார்கள் என்று மாடு வைத்திருக்கும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். மாடு திரும்பும் நேரம், கறக்கும் நேரம், போனவர் வரவில்லையே என்று தோன்றும் நேரம். நிலம், பொழுது, அங்கே உள்ளவர் செய்யும் தொழில், அவர் மனம் எல்லாவற்றையும் ஒரே முடிச்சில் போட்ட இலக்கணம் அது. ஆளை எடுத்துவிட்டு நிலத்தை மட்டும் பார்க்க அதில் வழியே இல்லை. நெய்தல் நிலத்து டோல்கேட்டில் முல்லை தொங்குவதில் பிழை ஒன்றும் கிடையாது. தொங்குவது முல்லையின் முதற்பொருள், அதாவது நிலமும் பொழுதும், மட்டும்தான்.

செகன்தீனியின் கடைசி ஆண்டுகளில் ஒரு வினோதமான கதை உண்டு. 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக எங்காடின் பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரு மாபெரும் வட்டப் படுதாவாக வரைந்து காட்டத் திட்டம் போட்டார். பார்ப்பவர் நடுவில் நின்றால் சுற்றிலும் மலை. பணம் போட முன்வந்தவர்கள் செயின்ட் மோரிட்ஸ் வட்டார ஓட்டல் முதலாளிகள், வேண்டியது அவர்களுக்கு விளம்பரம். செலவுக் கணக்கு ஏறியதும் பின்வாங்கிவிட்டார்கள். அந்த எண்ணம் சுருங்கி, வாழ்வு, இயற்கை, இறப்பு என்ற மூன்று ஓவியங்களாயிற்று. நடுப்படத்தை முடிக்க ஷாஃப்பெர்க் மலைமேல் ஏறியவர், அங்கே குடிசையில் வயிற்று அழற்சி கண்டு, 1899 செப்டம்பர் 28இல் இறந்தார். வயது 41. ஓட்டல்காரர்கள் பணம் கொடுத்திருந்தால் உலகின் மிகப் பெரிய சீனரிகளில் ஒன்று கிடைத்திருக்கும். கொடுக்காததால் மூன்று ஓவியங்கள் கிடைத்தன, 1908இல் செயின்ட் மோரிட்ஸில் அவருக்கென்று திறந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஆசியாவிலும் ஒரு செகன்தீனி உண்டு. 1892ஆம் ஆண்டின் 'ஆல்ப்ஸில் நண்பகல்' ஜப்பானின் குராஷிகி நகரில், ஓஹாரா அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. 1930இல் அதைத் திறந்த ஓஹாரா மகோசபுரோ ஒரு நூற்பாலை முதலாளி. அவருடைய பணத்தில் ஐரோப்பாவில் படங்கள் தேடி வாங்கிவந்தவர் கோஜிமா தொராஜிரோ என்ற ஓவியர். மிலானானாலும் குராஷிகியானாலும் மேய்ச்சல் நிலத்துக்குக் காசு கொடுத்தது ஆலைதான்.

நமக்கு அந்த மேய்ச்சல் நிலப் படம் வந்து சேர்ந்த வழியும் ஒரு தொழிற்சாலைதான், அதுவும் தீப்பெட்டித் தொழிற்சாலை. டோல்கேட்டிலிருந்து வடக்கே சில ஸ்டேஷன்கள் தள்ளி விம்கோ நகர். ஸ்வீடன் நாட்டுத் தீப்பெட்டிக் கம்பெனி 1923இல் இந்தியாவில் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் சுருக்கம்தான் விம்கோ. அதன் திருவொற்றியூர் ஆலையின் பெயரில்தான் இன்று ரயில் நிற்கிறது. அதே 1923இல் சிவகாசியில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும், கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்து, தீப்பெட்டி போடத் தொடங்கினார்கள். ஸ்வீடன் கம்பெனியிடம் இயந்திரம் இருந்தது, சிவகாசியிடம் கைகள் இருந்தன. பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். லேபிள் அடிக்க வந்த கல்லச்சு எந்திரங்கள் பிறகு சாமி படமும் காலண்டரும் அடித்தன. இன்றும் ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். புரட்டினால் சாமி, குழந்தை, தலைவர், கூடவே சீனரி. எந்த மதத்துக் கடைக்காரரும் எந்தக் கட்சிக்காரரும் தயங்காமல் கொடுக்கக்கூடிய படம் என்பது சீனரியின் பெரிய வியாபார பலம். பனிமலைக்குச் சாதியில்லை.

அந்த ஆல்பங்களுக்கு முன்னோடி சி. கொண்டையராஜு. 1898இல் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய அந்தப் பள்ளியில் தூர அண்மைக் கணக்கு, ஒளி நிழல் எல்லாம் ஐரோப்பிய முறையில் கற்பித்தார்கள். கொண்டையராஜு கொஞ்சகாலம் திருவண்ணாமலையில் ரமணரோடு இருந்தார், பிறகு ஒரு நாடகக் குழுவில் படுதா எழுதினார். 1940களின் தொடக்கத்தில் குழு கோவில்பட்டியில் கலைந்துபோக, அங்கேயே தங்கிவிட்டார். படுதா எழுதிய கை காலண்டருக்குச் சாமி எழுதியது. டி.எஸ். சுப்பையா போன்ற மாணவர்களோடு அவர் உருவாக்கிய பாணியில், சாமிக்குப் பின்னால் நாடகத் திரைபோலவே மலையும் ஏரியும் மஞ்சள் வெளிச்சமும் விழும். கைலாசம் என்று நாம் கும்பிட்ட மலைகளில் பல, ஐரோப்பிய வாழ்த்து அட்டைகளுக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்பது என் ஊகம். பிறகு ஒருநாள் சாமி முன்னிருந்து விலகிக்கொண்டதும் மிச்சம் நின்றது சீனரி.

கோவில்பட்டி என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கரிசல் காடு. பனியும் இல்லை, பைனும் இல்லை, ஆனால் மேய்ச்சல் உண்டு. பக்கத்து ஊர் இடைசெவல்காரரான கி. ராஜநாராயணன் 'கிடை' என்ற குறுநாவலில் எழுதியது அந்த ஆட்டுக்காரர்களைத்தான். அறுவடை முடிந்த வயலில் இரவு மந்தையை அடைத்து, புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரமாக, அதற்குக் கூலி வாங்குவது கிடை போடுதல். ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் என்ற ஆட்டுக்காரர்கள் இதற்காகக் குடும்பத்தோடு தஞ்சை வயல்கள் வரை நடந்தே போவார்கள். ஆல்ப்ஸ்காரர் கோடைக்கு மலையேறுவதும் இவர்கள் கோடைக்கு டெல்டா இறங்குவதும் ஒரே விதியின் இரு திசைகள்தான், புல் இருக்கும் இடத்துக்கு மந்தை போகும். எத்தனையோ கடைகளின் சீனரி காலண்டர்களைப் பார்த்துவிட்டேன், கீதாரி வந்த ஒன்றை நான் பார்க்கவில்லை. அச்சகத்தின் கொல்லைப்புறத்தில் மேய்ந்தவர்களை விட்டுவிட்டு அடித்தார்கள் போலும்.

இத்தாலிக்காரர் ஒருவர் தமிழ்நாட்டு மலை மேய்ச்சலைப் பார்த்து எழுதியும் இருக்கிறார், அதுவும் செகன்தீனிக்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே. யாகோமோ ஃபெனீசியோ என்ற இயேசு சபைப் பாதிரியார், காப்புவாவில் பிறந்தவர், 1603இல் மலபார்ப் பக்கமிருந்து நீலகிரிமேல் ஏறினார். மலைமேல் பழைய கிறிஸ்தவர்கள் வழிதவறி வாழ்கிறார்கள் என்று கீழே ஒரு வதந்தி, அதை விசாரிக்கப் போனார். கிறிஸ்தவர்கள் கிடைக்கவில்லை, தோடர்கள் கிடைத்தார்கள். அவர்களுடைய எருமைகளையும் பாலையும் பூசாரியையும் பற்றி அவர் எழுதிய கடிதம்தான் தோடர்களைப் பற்றி ஐரோப்பியர் எழுதியதில் நமக்குக் கிடைப்பவற்றில் முதலாவது. 1906இல் மானுடவியலாளர் ரிவர்ஸ் தோடர்களைப் பற்றிய தம் பெரிய நூலின் பின்னிணைப்பாக அதை வெளியிட்டார். தோடர்களின் பால்மனையே கோயில், கறப்பவரே பூசாரி. மேய்ச்சலையும் மனிதனையும் அவர்களிடம் பிரித்து வரைய முடியாது. ஃபெனீசியோ வந்தது மதத்தைத் தேடி, அதனால் மலையைவிட மனிதர்களைத்தான் உற்றுப் பார்த்தார். 'சீனரி' என்ற சொல் அவர் காலத்தில் ஆங்கிலத்துக்கே வந்திருக்கவில்லை.

1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் அதே நீலகிரிமேல் ஏறியபோது நிலைமை வேறு. குளிர்ந்த புல்மேடுகளைப் பார்த்த வெள்ளைக்காரர்களுக்கு அது சொந்த ஊர்போலவும் சுவிட்சர்லாந்துபோலவும் தெரிந்தது. எருமை மேய்ந்த புல்வெளி அவர்களுக்கு வெற்றிடமாகப் பட, பின்னாளில் சீகையும் தைலமரமும் நட்டு நிரப்பினார்கள். சோலைக்கும் புல்லுக்கும் நடுவே இருந்த பழைய கணக்கு குலைந்தது. மிச்சமிருந்த மேடுகளில் சினிமா வந்து இறங்கியது. ஊட்டி கூடலூர் சாலையில் ஒரு புல்மேட்டுக்கு இன்று மக்கள் வழங்கும் பெயர் 'ஷூட்டிங் மேடு'. காட்டு சீன் என்று கொட்டகையில் இறங்கிய படுதா, கடைசியில் மலைமேலேயே விரிந்துவிட்டது.

டோல்கேட் வழியாகத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளைக் கவனித்திருக்கிறீர்களா? சில லாரிகளின் பின்பலகையில் இன்னும் பெயின்டர் கையால் எழுதிய படம் இருக்கும். இரண்டு முக்கோண மலை, நடுவே சூரியன், ஒரு வீடு, வளைந்துவரும் ஆறு. நம் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் வரைவதும் அதையேதான். மணிக்கணக்கில் நகராத வரிசையில் பின்னால் நிற்கும் டிரைவர், புகைக்கு நடுவே அந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரிடம் போய் இதில் உழைப்பை மறைத்திருக்கிறார்கள் என்று சொன்னால் அடிக்க வரமாட்டார், சிரிப்பார். பன்னிரண்டு மணி நேரம் ஸ்டியரிங் பிடித்தவருக்குப் படத்திலும் யாராவது வேலை செய்துகொண்டிருக்க வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. என் மனத்தாங்கல் அந்தக் கேள்விக்கு முன்னால் கொஞ்சம் இளைத்துவிடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அன்று படத்தைத் திரும்ப மாட்டுவதற்கு முன் பேரன் லென்ஸை வாங்கிக்கொண்டான். விலை போனதில் அவனுக்கு முகம் வாடியிருந்தாலும் புள்ளிகள் பிடித்துவிட்டன. நீலமும் மஞ்சளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்க, தள்ளிப் பார்த்தால் பச்சையாவது எப்படி என்று கேட்டான். செகன்தீனியும் அவர் கூட்டாளிகளும் வைத்த முறையும் கிட்டத்தட்ட அதுதான் என்றேன். தட்டில் நிறத்தைக் குழைக்காமல், சுத்த நிறங்களை நூல் நூலாகத் துணியில் அருகருகே இழுத்து, குழைக்கும் வேலையைப் பார்ப்பவர் கண்ணிடம் விட்டுவிடுவார்கள். அவன் லென்ஸை ஓடையிலிருந்து மாட்டுக்கும், மாட்டிலிருந்து வீட்டுக்கும் நகர்த்தினான். வாசலுக்கு வந்ததும் நிறுத்தினான்.

"ஆயா, இங்க யாரோ நிக்கிறாங்க."

ஒரு சுண்டுவிரல் நக அளவு. நீலப் பாவாடை, தலையில் வெள்ளைத் துணி, கையில் வாளி. அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். பொங்கலுக்குப் பொங்கல் ஐம்பது வருஷம் துடைத்த படம். "நான் அதக் கல்லுன்னுல்ல நெனச்சினு இருந்தேன்" என்றார். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கறக்கப் போறாளா, கறந்துட்டு வர்றாளா தம்பி?"

வாளியில் பால் இருக்கிறதா என்று பார்க்க லென்ஸை இன்னும் கிட்டே கொண்டுபோனேன். வெள்ளைத் துணி கலைந்தது, கை கலைந்தது. வாளி இருந்த இடத்தில் மஞ்சளும் நீலமுமாக ஏழெட்டுப் புள்ளிகள்.